இழுவை பாக்கி

"தோள்பட்டை கழண்டு வுழற மாதிரி இருக்கு தனகோட்டி. நைட் ஷிப்ட் முடிச்சி வூட்டுக்குக்கூட போவாம வந்திருக்கேன். சுருக்கா சொல்லு, எந்த லாக்கர் போடலாம்?"

ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான் குமரவேல். ராத்திரி முழுக்கச் சுரங்கத்தில் கன்வேயர் உருளை மாற்றிய தோள். மெக்கானிக் தனகோட்டி, குமரவேலின் பழைய ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினான்.

"இத்தினி வருசம் லாக்கர் இல்லாம ஓடலீங்களா?"

"ஓடுச்சி. சேத்துல எறங்கினா ஒரு சக்கரம் சுத்துது, இன்னொண்ணு சும்மா நிக்குது."

"அது அப்படித்தாங்க. சேத்துல கெடக்கறது கான்ட்ராக்ட்டு, மாஞ்சி மாஞ்சி சுத்தும். கெட்டித் தரையில நிக்கறது பர்மனெண்ட்டு, அசையாது. லாக்கர் போட்டா ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா பூட்டிடும், ரெண்டுக்கும் ஒரே வேலை."

"நான் பர்மனெண்ட்டுன்னு குத்திக் காட்டுற."

"வண்டியச் சொன்னங்க."

"வேணு வண்டியில என்ன இருக்கு?"

தனகோட்டி கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் தேடினான். "பின்னாடி ஏர் லாக்கருதான் போட்டாரு."

வேணு, குமரவேலின் தங்கை சத்யாவின் புருஷன். இரண்டு பேரும் ஒரே ஏலத்தில் ஒரே மாதிரி ஜீப் எடுத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் முத்தாண்டிக்குப்பம் ஏரிச் சேற்றில் வண்டி விடும் கூட்டத்தில் இரண்டு பேரும் உண்டு. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். மாட்டின வண்டியை இழுத்துவிட்டால் காசு வாங்க மாட்டார்கள். இழுத்த கயிறு, மாட்டினவன் வண்டியிலேயே கிடக்கும். அதே கயிற்றால், இழுத்தவனையும் ஒரு நாள் இழுத்துவிட்டால்தான் கயிறு திரும்பிப் போகும்.

ஐப்பசி மழையில் குமரவேலின் வண்டி அச்சு வரைக்கும் புதைந்தது. வேணுதான் இழுத்தான். இழுத்தவன் சும்மா இருந்திருக்கலாம். "மச்சான் வண்டி ஓட்ட வரல, நாத்து நட வந்தாரு" என்று ஒரு வார்த்தை விட்டான். ஏரிக்கரையே சிரித்தது.

"இந்த இழுவையை அடைக்காம உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றான் குமரவேல்.

தை பிறந்ததும் வேணுவின் பெண் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். சத்யா தினமும் போன் போட்டு அழுகிறாள். கயிறோ ஜீப்பின் பின்சீட்டில் பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கிறது. வேணு மாட்டினால்தானே இழுக்க முடியும்? அப்படியே மாட்டினாலும் இந்த வண்டி இழுக்குமா?

"தானா பூட்டிக்கறது ஒண்ணு இருக்குங்க" என்றான் தனகோட்டி. "தார் ரோட்டுல திரும்பும்போதெல்லாம் டக்கு டக்குனு அடிக்கும். சில பேரு உள்ள இருக்கற பல்சக்கரத்தையே வெல்டு வச்சி ஒட்டிக்கினு வரானுங்க. சேத்துல ராஜா. ரோட்டுல டயரத் தின்னும், ஒரு நாளு ஆக்ஸில் ஒடியும். ஏர் லாக்கருதான் ஒழுங்கு. பட்டனை அமுக்கினா பூட்டும், வுட்டா வுட்டுடும்."

"அதையே முன்னாடியும் பின்னாடியும் போடு."

"முன்னாடி பூட்டினா ஸ்டீயரிங் கல்லாட்டம் ஆயிடும். உங்க தோளு தாங்காது. பின்னாடி போதும். ஆனா புதுசு வெளிநாட்டுல இருந்து வரணும், மாசி ஆயிடும்."

"தைக்குள்ள வேணும்டா."

தனகோட்டி கையைத் துடைத்தான். "பழசு ஒண்ணு கைவசம் இருக்கு. உங்க ஆக்ஸிலுக்கு அளவெடுத்த மாதிரி உக்காரும்."

"யாருது?"

"பொண்ணா பாக்கறீங்க, பூர்வீகம் கேக்கறீங்க? ஓடுமான்னு கேளுங்க."

"சரி, என்னா வெல?"

"மொதல்ல ஏரியில எறக்கிப் பாருங்க. அப்புறம் பேசிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஏரி நன்றாகக் குழைந்து கிடந்தது. எல்லாருக்கும் முன்னால் வேணு இறங்கினான். யாரும் போகாத பள்ளமாகப் பார்த்துப் போனான். நடுவில் நின்றுவிட்டான். பின்சக்கரம் ஒன்று சேற்றை வாரி இறைத்தது. மற்றது அசையவில்லை.

குமரவேல் அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. கயிற்றை எடுத்தான், பட்டனை அமுக்கினான். அவன் ஜீப் இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகச் சுழலச் சேற்றுக்குள் போனது. கயிற்றைக் கட்டி, ஒரே மூச்சில் வேணுவைக் கரையேற்றியது.

"என்னா மாப்ள, நாத்து நட்டு முடிச்சாச்சா?"

வேணு சிரித்தான். சேறு சொட்டும் கயிற்றை வாங்கிக்கொண்டான். "பாப்பா காதுகுத்துக்கு வருவீங்களா மச்சான்?"

"தாய்மாமன் வராமலா? மொத ஆளா வந்து நிப்பேன்."

வேணு கயிற்றோடு தன் வண்டிப் பக்கம் போனதும், கரைமேல் நின்ற தனகோட்டியிடம் வந்தான் குமரவேல். தோள்வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது. "நல்ல சாமான்டா. இப்பவாவது வெலையச் சொல்லு."

தனகோட்டி ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "காதுகுத்து முடியற வரைக்கும் வாயத் தொறக்காதன்னாரு. ஆனா அந்தக் காச வாங்க எனக்குக் கை வரலீங்க."

"யாரு சொன்னது?"

"போன வாரம் வேணு அண்ணன்தான் அவரு வண்டியில இருந்து கழட்டிக் குடுத்தாரு, உங்களுக்கு மாட்டச் சொல்லி."

இழுவைக் கடன் தீர்ந்துவிட்டது. குமரவேல் இப்போது வேணுவுக்கு ஒரு லாக்கர் பாக்கி.