கையக் குடு புள்ள

ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து ஒருத்தியைக் கீழே தள்ளி, அவள் மேல் ஒருவர் பின் ஒருவராக விழுந்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அடியில் கிடந்தவளின் ஒரு கை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

ஆட்டோவிலிருந்து இறங்கிய நிவேதிகா, "ஐயோ, என்ன செய்யிறியள்? விடுங்கோ அவவை! மூச்சு முட்டப்போகுது!" என்று கத்திக்கொண்டே தேயிலைத் தோட்டத்து மைதானத்துக்குள் ஓடினாள். முதல் நாள் மழைச் சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது.

"பதறாதீங்க மிஸ், ரக்பி பழகுறோம்," என்றாள் குவியலுக்கு வெளியே நின்ற இராக்கம்மா. அணித் தலைவி அவள்தான். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேரே மைதானத்துக்கு வந்திருந்தாள். அவள் குரலைக் கேட்டால் வேலை வாங்கும் கங்காணியே ஒதுங்கி நிற்பார்.

அவள் குனிந்து, "கையக் குடு புள்ள," என்று ஒவ்வொருத்தியாக இழுத்தெடுத்தாள். ஒருத்தியை நிமிர்த்தி, முகத்தை நன்றாகப் பார்த்த பிறகுதான் அடுத்தவளிடம் போனாள். பந்தோ, எங்கேயோ எட்டத்தில், தேயிலைச் செடிகளின் ஓரமாகக் கேட்பாரற்றுக் கிடந்தது.

கடைசியாக வெளியே வந்தவள் விஜயலெட்சுமி. தலையெல்லாம் சேறு, உதட்டில் மண். மூச்சு வாங்கியபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான், நிவேதிகாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இப்படி ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிடுகிறவர்கள் வந்தாலே கொஞ்சம் பயப்பட வேண்டியதுதான்.

பதுளைத் தொண்டு நிறுவன அலுவலகத்திலிருந்து அவள் வந்ததே இந்த அணிக்கு உதவி கொடுக்கலாமா என்று பார்க்கத்தான். சப்பாத்து, புதுப் பந்து, பண்டாரவளைக்குப் போய் ஆட பஸ் செலவு, எல்லாமே அந்த உதவியை நம்பித்தான் இருந்தன. மண்சரிவில் பாதிக்கப்பட்ட பெண்களின் மனநலத்துக்காக ஒதுக்கிய பணம் அது. பெற்ற பிள்ளைகளையே மண்ணுக்குப் பறிகொடுத்த ஒருத்தி இந்த அணியில் இருக்கிறாள் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். பெயரை மட்டும் சொல்லவில்லை.

"இந்தப் பிள்ளையைப் போய் மண்ணுக்கை போட்டு அமத்துறியளே, உங்களுக்கு மனச்சாட்சி இல்லையோ?" என்று இராக்கம்மா மேல் பாய்ந்தாள். "விளையாட்டு நல்லதுதான், நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனா இந்தக் குவியலை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி உதவி கிடைக்காது."

இராக்கம்மா இடுப்பில் கை வைத்தாள். "அப்ப காச நீங்களே வச்சுக்கங்க மிஸ்."

"என்ன?"

"வெறுங்கால்லதானே இத்தன நாளா ஆடுனோம். இனியும் ஆடுவோம். குவியல் நிக்காது."

"ஆமாங்க, காலு எங்களுதுதானே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

நிவேதிகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு விளங்கேல்லை. இது மனசு சம்பந்தப்பட்ட விசயம்."

"எங்களுக்கா வெளங்கல? ஒங்க ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போய், கதிரையில உக்கார வச்சு, 'மனசு எப்பிடி இருக்கு'ன்னு கேட்டீங்க. நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு வந்து, ராவெல்லாம் கூரையப் பாத்துக்கிட்டுக் கெடந்தோம். இங்க வந்து விழுந்து பொரண்டுட்டுப் போனாத்தான் கண்ணு மூடுது. அத நிறுத்தச் சொல்ல நீங்க யாரு?"

பதிலுக்குக் காத்திராமல் இராக்கம்மா பந்தை எடுக்க விறுவிறுவென்று நடந்தாள். போகிற போக்கில், எல்லாரும் விழுந்து கிடந்த இடத்தை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுப் போனாள்.

நிவேதிகா மெல்ல விஜயலெட்சுமியின் பக்கத்தில் குந்தினாள். "தங்கச்சி, அவ இப்ப இல்லை. பயப்பிடாமச் சொல்லும். உம்மைக் கட்டாயப்படுத்தித்தானே கீழை போடுகினம்?"

விஜயலெட்சுமி வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "கட்டாயமா? இன்னைக்கு அடியில கெடக்குறது என் மொற மிஸ். நாளைக்கு வேற ஆளு."

"மண்சரிவிலை பிள்ளைகளைக் குடுத்திட்டு நிக்கிற உம்மைப் போய்..."

"நானா? நான் பண்டாரவளைக்காரிங்க. போன வருசம்தான் இந்தத் தோட்டத்துக்குக் கட்டிக்கிட்டு வந்தேன். எனக்கு இன்னும் புள்ளையே இல்லைங்க."

நிவேதிகா திகைத்தாள். "அப்ப அது ஆர்?"

விஜயலெட்சுமியின் சிரிப்பு அடங்கியது. அவள் பார்வை தேயிலை ஓரத்துக்குப் போனது. அங்கே இராக்கம்மா பந்திலிருந்த சேற்றைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு புள்ளைங்க மிஸ். அன்னைக்கு அக்கா வெறுங்கையால தோண்டிச்சாம். நகமெல்லாம் பேந்து போயும் தோண்டிச்சாம். ஒருத்தரையும் எடுக்க முடியல."

நிவேதிகாவும் அந்தப் பக்கம் பார்த்தபடி கேட்டாள். "பிறகேன் அவ இந்தக் குவியலைப் பழக்கிறா? ரக்பியிலை இது கட்டாயம் வேணுமோ?"

"பந்து அங்க கெடந்துச்சு, நாங்க இங்க கெடந்தோம். இது ரக்பியாங்க?" விஜயலெட்சுமி எழுந்து, அடுத்த குவியலுக்குத் தயாராக நின்றவர்களிடம் போய்ச் சேர்ந்துகொண்டாள். திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா தூக்கணும்னுதாங்க நாங்க விழுறோம்."