சனிக்கிழமை முதல் கடல் நிலவரம்

நாட்டார் மைக்கின் தலையை விரலால் தட்டினார்.

கோயில் வாசலில் இருந்த கூம்பு ஒலிபெருக்கி கொர்ரென்று கனைத்தது. குப்பம் முழுக்கப் பேச்சு அடங்கியது. மைக் வேலை செய்கிறது என்று பார்த்து அணைத்து வைத்தார்.

மருமகள் வேம்பு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து கரையில் நனைந்தவள். தலைகூடத் துவட்டவில்லை.

"மாமா, இப்பவாச்சும் சொல்லுங்க. ஊர்ல இத்தன ஃபைபர் படகு கெடக்கு. ஒண்ணு போனாப் போதும்."

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

ஊர் நாட்டார் அவர், பஞ்சாயத்துக்குத் தலைவர். அவர் அப்பாவும் நாட்டார். ஐப்பசி பிறந்துவிட்டால், மீன்துறையிலிருந்து போனில் வரும் வானிலையை விளக்கு வைக்கும் நேரத்தில் மைக்கில் சொல்வது அந்த வீட்டின் வேலை. சொல்லிவிட்டால் சொன்னதுதான். அதற்குப் பிறகு ஒரு படகும் தண்ணீரைத் தொடாது.

நேற்றும் சொன்னார். கடலுக்குத் தடை என்று.

விடிவதற்கு முன்னால் அவர் மகன் சிங்காரம் படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். தனியாக.

தடைக்கு முன்பே போட்ட நண்டு வலை கடலில் கிடந்தது. காற்று வந்தால் அள்ளிக்கொண்டு போய்விடும். ஓடிப்போய் இழுத்து வந்துவிடலாம், அப்பா எழுந்து வருவதற்குள் என்று நினைத்திருப்பான். ஊரில் வேறு எவன் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை. நாட்டார் வீட்டுப் பிள்ளைக்கு வந்தது.

உச்சிவேளையில் யாரோ கேட்டார்கள், தம்பியைக் காணோமே என்று.

மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றார். சொன்ன வாய் இன்னும் கசந்தது.

தேடிப் போங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லுக்குப் பூட்டுப் போட்டவரும் அவர்தான்.

தடையை மீறிப் போனவனைத் தேடி ஊர்ப் படகு இறங்காது. ஒருவன் கொழுப்புக்கு நாலு பெண்கள் தாலி அறுக்கக் கூடாது. அவர் கொண்டுவந்த சட்டம். போன ஐப்பசியில் அஞ்சப்பன் தன் மகனுக்காக இதே வாசலில் விழுந்தான். அவர் காலை நகர்த்திக்கொண்டார். பையனைப் பக்கத்து ஊர்க்காரர்கள் குற்றுயிராய்க் கொண்டுவந்து போட்டார்கள். அன்று முதல் அஞ்சப்பன் அவர் முகத்தில் விழிப்பதில்லை.

சரியான சட்டம். இந்த நிமிஷமும் அவருக்கு அதில் ஐயமில்லை.

அதுதான் நெஞ்சை அறுத்தது.

வாசலில் நிழல் ஆடியது. அஞ்சப்பன்தான். மழையில் நின்றபடியே பேசினான்.

"மாமியா வூட்டுக்குப் போறவன் சட்டையக் கழட்டிக் கரையில வச்சிட்டா போவான், நாட்டாரே?"

வேம்பு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அவர் முதுகு வளையவில்லை. கண் மட்டும் ஒருமுறை மூடித் திறந்தது.

அஞ்சப்பன் நின்றான். ஒரு வார்த்தைக்காக நின்றான். ஆம் என்றோ, ஐயோ என்றோ.

"நல்லாருங்க" என்று காறித் துப்பிவிட்டு இருட்டிக்கொண்டு வந்த மழைக்குள் இறங்கிப் போனான்.

அவர் மைக்கைப் போட்டு வாயருகே இழுத்தார்.

"ஊராருக்கு அறிவிப்பு. நாளைக்குச் சனிக்கிழமை. வாடக்காத்து கடுமையா இருக்கும். ஆளுயரத்துக்கு மேல அலை எழும்பும்."

சட்டை கரையில் இருக்கிறது. பிள்ளை உடம்பில் பனியன் மட்டும்தான்.

"ஞாயித்துக்கிழமை பெருமழை. காத்து இன்னும் கூடும்."

ஊருக்கு அது பொதுவான கடல். அவருக்கு அதில் ஒரே ஒரு படகு.

"திங்க, செவ்வா, விட்டு விட்டு மழை. புதன்கிழமை தெக்க புதுசா ஒரு காத்தழுத்தத் தாழ்வு கட்டுது."

புதன். அப்படி ஒரு நாள் வரும் என்பதையே அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அடுத்த வெள்ளி வரைக்கும் யாரும் கடல்ல எறங்கக் கூடாது. எறங்குனவன் ஊருக்கு ஆகாதவன்."

சொல்லி முடித்தார். ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னார்.

மைக்கை நிறுத்தக் கை போனது.

கரைப் பக்கம் ஒரு இன்ஜின் இருமியது.

அடங்கியது. மறுபடி இருமிப் பற்றிக்கொண்டது.

இந்தக் கரையில் எந்த இருமல் எவன் இன்ஜினுடையது என்று அவருக்குத் தெரியும். இது அஞ்சப்பனுடையது. பெயரைச் சொல்லி, மைக்கிலேயே அதட்டி, திருப்பி அழைக்க வேண்டும். அவர் அப்பா அதைத்தான் செய்திருப்பார். வீட்டுக்கு வீடு பஞ்சாயத்தார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாவதாக ஒரு இன்ஜின்.

வேம்பு அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஆம்ப்ளிஃபையர் குமிழைப் பிடித்தார். கடைசிவரை திருகினார். கூம்பு வீறிட்டது. அந்த வீறலில் மழைகூடக் கேட்கவில்லை, கரையில் இருமிய இன்ஜின்களும் கேட்கவில்லை.

நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"ஊராருக்கு அறிவிப்பு. நாளைக்குச் சனிக்கிழமை" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.