திரும்பி வரும் கறை

சோபாவின் கைப்பிடியில் இருந்த கறையில் தேசிக்காயைப் பிழிந்துவிட்டு, நீக்கிலாப்பிள்ளை அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவக்கொழுந்து சேலைத் தலைப்பைக் கைக்குள் கசக்கியபடி பக்கத்தில் நின்றாள். அது வெற்றிலைக் கறைதான் என்று மூன்று தரம் சொல்லியாயிற்று. கேட்காத கேள்விக்கு எதற்கு இத்தனை பதில்?

உரும்பிராயில் அப்படி ஒரு சோபா வேறு எவர் வீட்டிலும் இல்லை. மலாயாவில் ரயில் கந்தோரில் வேலை பார்த்த அவள் புருஷன் ஏரம்பு, பென்சன் எடுத்து வரும்போது கப்பலில் கொண்டுவந்த பச்சை வெல்வெட் சோபா அது. வருகிற வெள்ளிக்கிழமை மகள் குணலட்சுமியின் மாப்பிள்ளை வீட்டார் வந்து அதில்தான் உட்காரப் போகிறார்கள்.

நீக்கிலாப்பிள்ளை குருநகர்க்காரர். ஒரு காலத்தில் வள்ளங்களுக்குப் பாய் தைத்த கை, இப்போது பெரிய வீடுகளில் சோபாக்களைப் பிரித்துத் துப்புரவாக்கித் தைக்கிறது. இந்த மாதிரிக் கறைக்கு அவரை விட்டால் ஆளில்லை என்று சொல்லி அனுப்பியவர் கலியாணத் தரகர் பஞ்சலிங்கம்.

“எத்தினை தரம் கழுவினீங்கள்?”

“நாலு தரம். கழுவினால் போகுது. மூண்டாம் நாள் பாத்தால் பழையபடி நிக்குது. நீர்தான் ஏதும் செய்யவேணும்.”

“தூசியெண்டால் தடியாலை தட்டலாம். தலை எண்ணெயெண்டால் கடலைமா காணும். கழுவின கறை திரும்பி வந்தால் அது துணியிலை இல்லை, உள்ளுக்கை பஞ்சிலை இருக்குது. அதுக்குப் பிறகு வீட்டாக்கள் கை வைக்கக்கூடாது.” அவர் குனிந்து கறையை முகர்ந்து பார்த்தார். “வெத்திலையெண்டால் தேசிக்காய்ப் புளிக்கு வெளிறியிருக்கும். இது இரத்தம், அம்மா.”

சிவக்கொழுந்து போய்ப் பின்கதவைச் சாத்தினாள்.

வீட்டில் யார் இருமுகிறது என்று அவர் கேட்டார். ஒருவரும் இல்லை, புருஷன்கூடக் கால்நடையாகக் கதிர்காம யாத்திரை போய் ஒரு மாதமாகிறது என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, வளவின் பின்பக்கத்து ஓலைக் கொட்டிலிலிருந்து ஓர் இருமல் கிளம்பியது. நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வந்த அந்த இருமல் ஓய வெகுநேரம் பிடித்தது. கதிர்காமம் இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதென்று நீக்கிலாப்பிள்ளைக்கு அன்றுதான் தெரியும்.

ஆனால் அவர் சிரிக்கவில்லை. வெளியே எடுத்த வளைந்த ஊசியைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

“கசரோகமெண்டால் பஞ்சு முழுக்க எரிக்கவேணும். உண்மையைச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் போறன்.”

அவள் நிலத்தில் உட்கார்ந்தாள். ஆறு மாதமாக ஏரம்பு இரத்தமாகத் துப்புவதையும், சோபாவில் சாய்ந்து கிடந்தவரை ஒரு மாதமாகக் கொட்டிலில் ஒளித்து வைத்திருப்பதையும் சொன்னாள். வெளியில் தெரிந்தால் அந்த வீட்டுப் படலையை ஒரு சனம் திறக்காது. பிறகு குணலட்சுமியை எவன் கட்டுவான்? இந்த மனிதர் குருநகர்ச் சந்தையில் ஒரு சொல் விட்டால் போதும், எல்லாம் பாழ்.

மகளுக்கு இன்னும் ஒன்றுமில்லை. அவளுக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய்; சோபாவின் பக்கமே அவளை விட்டதில்லை. ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருக்க வேண்டும். சிவக்கொழுந்தோ கலியாணமாகி நாலாம் சடங்கு முடிந்த கையோடு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று கேட்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்கள். ஏன் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. தெய்வம் கண் திறந்தது என்று அவள் நல்லூரில் அர்ச்சனைகூடச் செய்துவிட்டு வந்தாள்.

“என்ரை பிள்ளை இந்த இருமல் வருத்தத்துக்கை கிடந்து சாகாமல் உயிரோடை வெளியிலை போகவேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம். நீங்கள் வாய் திறந்திடாதேங்கோ, அண்ணை.” அதுவரை ‘நீர்’ போட்டுக் கதைத்தவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஒரு வீட்டுக் கறையை நான் மற்ற வீட்டிலை கதைக்கிறேல்லை, அம்மா,” என்றார் அவர்.

மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு சோபாவைப் பிரித்தார். உள்ளே பஞ்சு கட்டி கட்டியாகக் கறுத்துக் கிடந்தது. வேலியோரம் கிடங்கு வெட்டி, எல்லாவற்றையும் போட்டு எரித்தார். புகை கொட்டில் பக்கமாகப் போக, உள்ளே இருமல் இன்னும் கூடியது. என்ன புகை என்று பார்க்க வந்த குணலட்சுமியைத் தாய் அதட்டி உள்ளே அனுப்பினாள்.

வெல்வெட்டை அவித்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, புதுத் தும்பும் இலவம் பஞ்சும் அடைத்துத் தைத்து முடித்தபோது வியாழக்கிழமை பின்னேரம் ஆகிவிட்டது. சோபா கப்பலால் இறக்கிய அன்றைக்கு இருந்ததுபோல இருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு சிவக்கொழுந்து நன்றாக மூச்சு விட்டாள். தானே தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். சந்தோசத்தில் வாய் ஓயவில்லை.

மாப்பிள்ளை உடுப்பிட்டி அருட்பிரகாசம் வாத்தியாரின் ஒரே மகனாம். அடக்கமான பிள்ளையாம், வெளியில் அலைகிற பழக்கமே இல்லையாம்.

“அங்கையும் ஒரு சோபா இருக்குதாம், சிவப்பு. மாப்பிள்ளை எந்நேரமும் அதிலை சாய்ஞ்சிருந்து புத்தகம் வாசிக்கிறதுதானாம். என்ரை பிள்ளை இனி ஒரு பயமும் இல்லாமல் அதிலை இருப்பாள்.”

நீக்கிலாப்பிள்ளை கோப்பையைக் கீழே வைத்தார். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். போக மனம் கேட்கவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தொழில் வாக்கை மீறினார்.

“அந்தச் சிவப்புச் சோபாப் பஞ்சையும் போன கிழமை நான்தான் எரிச்சனான், அம்மா.”