நான் லைட் பிடித்த வீடு

எந்த கேமராக்காரன் கூப்பிட்டாலும் போய் லைட் பிடிப்பேன். ஆனால் ஒருத்தனையும் நம்ப மாட்டேன். நம்பியது என் மகளை மட்டும்தான்.

அவள்தான் போனில் சொன்னாள். "அப்பா, நம்ம வீட்டை ஒரு பத்திரிகையில போடப் போறாங்க. கேமராக்காரர் வருவார். நீங்களே லைட் புடிங்க. வீடு பளிச்சுன்னு தெரியணும்."

அவள் பேருக்கு நான் எழுதிக் கொடுத்த வீடு. பத்திரிகையில் வந்தால் அவளுக்குப் பெருமைதானே?

வந்தவன் முதல் வேலையாக ஹாலில் இருந்த என் மனைவியின் படத்தைக் கழற்றச் சொன்னான்.

"கண்ணாடியில லைட் அடிக்கும், அதானே தம்பி? இதெல்லாம் எனக்குச் சொல்லணுமா?"

இடம் பெரிசாகத் தெரிய வேண்டும் என்று என் கட்டிலையும் வெளியே போடச் சொன்னான். போட்டேன்.

சமையலறைச் சுவரில் ஈரக்கறை. அவன் கவனிக்கவே இல்லை. நானே லைட்டைத் திருப்பி அதை மறைத்தேன்.

"கில்லாடி பெரியவரே நீங்க!"

"பொய் சொல்லத் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கு எதுக்கு வர்றான்?"

அங்கேயே உட்கார்ந்து படங்களை மகளுக்கு அனுப்பினான். ஸ்டாண்டை மடக்குவதற்குள் அவள் கூப்பிட்டாள்.

"பிரமாதம்ப்பா! உள்ள எப்படி இருக்குன்னு பார்க்காம முடியாதுன்னாரு. படத்தைப் பார்த்ததும் சரின்னுட்டாரு."

"யாரும்மா, பத்திரிகைக்காரரா?"

கேமராக்காரன் தலை நிமிராமல் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"வீட்டை வாங்குறவருப்பா. அடுத்த மாசமே குடி வரணுமாம். உங்க சாமானை எல்லாம் எப்ப எடுக்கிறீங்க?"