நூற்றுப் பன்னிரண்டு பாடங்கள்

"நான்தான் அழிச்ச, மிஸ்" என்று அஸீம் சொன்னபோது, ஞானேஸ்வரி வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த இடியப்பத்தைத்தான் சாப்பிட்டுக் கொண்டிருந்தான்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கல்லூரி இணையதளத்தில் அவளுடைய வீடியோப் பாடங்கள் ஒன்றுகூடத் திறக்கவில்லை என்று மாணவர்கள் காலையிலிருந்து போன் மேல் போன். ஏதோ கோளாறு, அஸீம் பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்பித்தான் கல்வித் தொழில்நுட்பப் பிரிவுக்கு மாடியேறி வந்திருந்தாள்.

"அழிச்சன்னா? எத்தன பாடம்?"

"எல்லாம். நூத்திப் பன்னெண்டும்."

"டிஸ்க்குல தனியா எடுத்து வச்சிருந்தமே, அது?"

"அதையும்தான்."

கண்டியில் அந்தக் கல்லூரியில் தமிழ் மொழிமூலம் புள்ளிவிபரவியல் கற்பிக்க அவள் ஒருத்திதான். வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. கலஹா தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பஸ் ஓடாத நாளில் பாடத்தைத் தவறவிடக் கூடாதே என்று, மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளிலும் வந்து ஒவ்வொன்றாகப் பேசிப் பதிந்தவை அவை.

கெமரா பிடித்தது அஸீம்தான். மாத்தளை ரயில் ஜன்னலுக்குக் கீழே போகும்போதெல்லாம் நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கும்வரை இருவரும் வாய்மூடி உட்கார்ந்திருப்பார்கள். நோன்புக்கு அவன் வீட்டுக் கஞ்சி மஹய்யாவவிலுள்ள இவள் வீட்டுக்கு வரும். தீபாவளிக்கு இவள் சுட்ட முறுக்கு அங்கே போகும். அப்படிப்பட்ட மனிதன்.

போன மாதம் திட்டக் குழுக் கூட்டத்தில் நின்று திரையை இயக்கிக் கொடுத்துவிட்டு வந்தவன், "மிஸ், பாடங்கட காப்பி ஒங்கட லெப்டொப்ல இரிக்கா?" என்று கேட்டது இப்போது நினைவுக்கு வந்தது. எல்லாம் உங்களிடம்தான் என்று அவளும் வெள்ளை மனதோடு சொல்லியிருந்தாள். அன்றே திட்டம் போட்டிருக்கிறான்.

"ஏன்னு ஒரு காரணம் சொல்லுங்க அஸீம். நியாயமா இருந்தா நான் யாருகிட்டயும் போக மாட்டேன்."

"காரணத்த செல்ல ஏலா மிஸ்."

"பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கு. நாப்பத்தொரு பிள்ளைங்க. அதுங்க மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது?"

அவன் இடியப்பத் தட்டை மெல்லத் தள்ளி வைத்தான்.

"கூட இருந்தே குழி பறிச்சிட்டீங்களே. நான் எழுதிக் குடுத்தா உங்க வேல போயிரும், தெரியுமில்ல?"

"தெரியும். எழுதுங்க."

அதுதான் அவளைச் சுட்டது. ஒரு மன்னிப்புக்கூட இல்லை, என்ன திமிர். படியிறங்கும்போதே கலஹாவிலிருந்து ஒரு மாணவி கூப்பிட்டு, "மிஸ், பாடமெல்லாம் போயிருச்சாமே, நெசமா?" என்று கேட்டாள். அழுகைதான் வந்தது.

விரிவுரையாளர் அறையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் புகாரை எழுதினாள். 'வேண்டுமென்றே' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். கையெழுத்திடும்போது அவனுடைய இரண்டு பெண்பிள்ளைகளின் ஞாபகம் வந்தது. வந்தும் கையெழுத்திட்டாள்.

பணிப்பாளர் வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், அளந்து பேசுகிறவர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"அவரே ஒப்புக்கொண்டவரோ?"

"என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு சேர்."

"ஒரு வீடியோவும் மிச்சமில்லையோ? வடிவா விசாரிச்சனீங்களோ?"

"ஒண்ணுகூட இல்ல சேர். என்கிட்டயும் காப்பி கெடையாது."

அவர் தொலைபேசியை எடுத்து, அஸீமை இன்றோடு வேலையிலிருந்து நிறுத்தும்படி நிர்வாகப் பிரிவுக்குச் சொன்னார். இரண்டே நிமிடம், காரியம் முடிந்தது. ஞானேஸ்வரிக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. செய்ததற்கு அனுபவிக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

பிறகு வீரசிங்கம் அடுத்த வருடத் திட்டக் கோவையைத் திறந்து, ஒரு பக்கத்தில் எதையோ குறுக்கே வெட்டினார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏதாவது பிரச்சினையா சேர்?"

"இனி மறைச்சு என்ன. உங்கட பாடம் முழுக்க வீடியோவிலை இருக்குது, விரிவுரையாளர் தேவையில்லை எண்டு போன மாசம் குழுவிலை முடிவெடுத்தனாங்கள். வாற மாசத்தோட உங்களை நிப்பாட்டுறதாத்தான் இருந்தது. முதலே தெரிய வந்தா நீங்கள் பாடங்களை விட்டுவைக்க மாட்டியள் எண்டு, அண்டைக்கு அங்க நிண்ட எல்லாரையும் வாய் திறக்க வேண்டாம் எண்டு சொல்லியிருந்தம்."

அவள் கதிரையின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"அப்ப, இப்ப சேர்?"

"இப்ப என்ன, அடுத்த வருஷமும் நீங்கள்தான் வந்து படிப்பிக்க வேணும்."