ஏறி உட்காருங்க, மாமா

"இந்தம்மா டிரெய்லர் வாங்க வந்தாங்களா, வம்பு வாங்க வந்தாங்களா?"

கடைக்காரர் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. விழட்டும் என்று இருந்துவிட்டாள்.

வந்து இரண்டு மணி நேரமாகிறது. டிராக்டரில் மாட்டி இழுக்க நிறுத்தியிருந்த டிப்பர் டிரெய்லர்கள் ஐந்தையும் சுற்றி வந்தாயிற்று. ஒன்றின் அடியில் தவழ்ந்துகூடப் பார்த்தாயிற்று. வெறும் வண்டி எடை எவ்வளவு, சக்கரத்துக்குத் தனி பிரேக் உண்டா, தொட்டியைத் தூக்கி மண்ணைக் கொட்டும்போது கொக்கி மேலே எழும்புமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் கடைக்காரரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"கவலையே வேண்டாம்மா."

துணைக்கு வந்திருந்த கணவரின் அண்ணன் வாசலிலேயே முடிவெடுத்துவிட்டார். இருப்பதிலேயே பெரியது, இரண்டு டன். அவருக்கு எதுவும் பெரிதாக இருக்க வேண்டும். குடை வாங்கினால்கூட மூன்று பேர் நிற்கிற குடையாகத்தான் வாங்குவார்.

மேட்டு நிலத்திலிருந்து நாற்றுப் பண்ணைக்கு செம்மண் இறக்க வேண்டும், சின்னதில் நாலு நடை என்றால் பெரியதில் இரண்டே நடை, டீசலும் மிச்சம் என்று அவர் கடைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அவள் மூலையில் கிடந்த ஒரு டன் டிரெய்லரின் மேல் கையை வைத்தாள். அதன் சக்கரத்துக்குத் தனி பிரேக் இருந்தது.

"எனக்கு இதுதான் வேணும். நம்ம மினி டிராக்டருக்குப் பெருசு தாங்காது, மாமா. ஏத்தத்துல பின்னால இழுத்துடும். இறக்கத்துல பாரம் பின்னாலேர்ந்து தள்ளுமே, அப்ப டிராக்டர் நிக்காது."

அவர் அவளிடம் பேசவில்லை. கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

"பயந்துபோனவங்க, அப்படித்தான் பேசுவாங்க. என் தம்பி பேராசைப்பட்டு அள்ளிப் போட்டான், காலை விட்டான். அதுக்கு டிரெய்லர் என்ன பண்ணும்?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. மேட்டிலிருந்து இறங்கும்போது மண் பாரம் தள்ளி டிராக்டர் சாய்ந்தது. அவள் கணவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அன்றிலிருந்து அவர் வீட்டில் உட்கார்ந்து நாற்றுப் பை கட்டுகிறார், அவள் வாடகை டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறாள். யார் விசாரித்தாலும், "நான்தான் கூடுதலா ஏத்திட்டேன்" என்று அவரே சொல்லிவிடுவார். உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த கதை.

கடவுளே, என் நாக்கைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ என்று அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சரி. பெருசையே ஓட்டிப் பாத்துடலாம். ரொப்பச் சொல்லுங்க."

கடையின் பின்புறம் ஜல்லி குவிந்திருந்தது. அங்கிருந்து சாலைக்கு ஒரு சரிவு இறங்கியது. வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தால் போதாதா என்றார் கடைக்காரர். நான் வெறும் வண்டி ஓட்டிப் பிழைக்கவில்லையே என்றாள் அவள். வேறு வழியில்லாமல் விளிம்பு வரை ஜல்லி ரொப்பி, அவள் ஓட்டி வந்திருந்த டிராக்டரில் மாட்டினார்கள். வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

அவள் இருக்கையில் ஏறி, பக்கத்து மட்கார்டைத் தட்டினாள்.

"ஏறி உட்காருங்க, மாமா. சேர்ந்தே இறங்குவோம்."

அவர் சரிவைப் பார்த்தார். ஜல்லியைப் பார்த்தார். டிராக்டரின் குட்டிச் சக்கரங்களைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு நாளா இடுப்பு சரியில்ல."

"அப்ப நீங்க வாங்க," என்று அவள் கடைக்காரரைக் கூப்பிட்டாள். "கவலையே வேண்டாம்னீங்களே."

கடைக்காரருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு போன் பேச வேண்டியிருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணனின் முகம் கறுத்தது.

அவள் இறங்கினாள்.

"ஜல்லியைக் கொட்டிடுங்க. மூலையில இருக்கறதை மாட்டுங்க."

பில் போட்ட பெண் பக்கத்திலிருந்தவளிடம், என்ன இருந்தாலும் பெரிய மனுஷரை நாலு பேர் முன்னால் இப்படியா நிறுத்துவது, வாய் கொஞ்சம் நீளம்தான் என்றாள். அதுவும் அவள் காதில் விழுந்தது. கொஞ்சம் சிவப்பு பெயின்ட் கேட்டு வாங்கி, தொட்டியின் உள்பக்கம் விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே சுற்றிலும் ஒரு கோடு இழுத்தாள். மண் அதைத் தாண்டக் கூடாது.

காலி டிரெய்லர் பின்னால் வர, மட்கார்டில் அண்ணன் வர, இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். பண்ணைக்குத் திரும்பும் வளைவில் அவரால் அடக்க முடியவில்லை.

"என்னை அசிங்கப்படுத்திட்டே. உன் புருஷன் அன்னிக்கு அளவு தெரியாம ஏத்தினான். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

அவள் டிராக்டரை ஓரங்கட்டி அணைத்தாள்.

"அன்னிக்கு சாப்பாட்டுத் தூக்கோட நான் மேட்டுக்கு வந்தேன், மாமா. அவர் போதும் போதும்னு கையாட்டினதைப் பாத்தேன். இன்னும் பத்துக் கூடை தாங்கும்டான்னு நீங்க அள்ளிப் போட்டதையும் பாத்தேன்."

அவர் கை மட்கார்டின் விளிம்பை இறுகப் பிடித்தது.

"அப்ப... தம்பி உன்கிட்ட எல்லாத்தையும்..."

"அவர் சொல்லல, மாமா. அண்ணன் தலை குனியக் கூடாதுன்னு மூணு வருஷமா என்கிட்டகூட வாய் திறக்கல." அவள் சாவியைத் திருப்பினாள். "எனக்குத் தெரியும்னு நீங்களும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க."