செட்சுகோ கொடுத்த கிண்ணம்

"அவ கண்ணுல பட்டுடாதே," என்று செட்சுகோவின் கண்காட்சி வாசலிலேயே கிசுகிசுத்தார் சந்திரமௌலி. "அவ கொடுத்தது கலைப்பொருள். நீ அதுல தினம் சாம்பார் ஊத்தி வெச்சே!"

அனுசூயா கணவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். மாடி வீட்டு செட்சுகோ பெயர்பெற்ற ஜப்பானிய மண்பாண்டக் கலைஞர் என்பதே 1974-இல் மாண்ட்ரியலுக்குக் குடிவந்த அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதற்குள் பரிசாக வந்த வெள்ளைக் கிண்ணத்தின் மயிரிழை விரிசல்களில் மஞ்சள் ஏறிவிட்டது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. போன மாதம் அதைப் பார்த்த செட்சுகோ, ஒன்றும் சொல்லாமல் கையோடு எடுத்துப் போய்விட்டாள்.

"ஏன்னா, அங்க பாருங்கோ!"

கூடத்தின் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள் அதே கிண்ணம். மஞ்சள் கோடுகள் பொன்னிழைகளாய் மின்ன, சுற்றிலும் கூட்டம்.

செட்சுகோ ஓடிவந்து அனுசூயாவின் கையைப் பற்றினாள். "முப்பது வருஷமா கிண்ணம் பண்றேன். ஆனா தினம் அதுல சாப்பிடறவங்க கைபட்டாத்தான் கிண்ணம் முழுசாகும்னு எங்க ஊர்ல சொல்லுவோம்."

சந்திரமௌலி குனிந்து பெட்டியின் அட்டையைப் படித்தார்.

'செய்தவர்: செட்சுகோ. முடித்தவர்: அனுசூயா.'

நிமிர்ந்தவர், போட்டிருந்த கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரரிடம் சொன்னார்:

"மை வைஃப்ஸ் சாம்பார், சார்!"